குவார்ட்டர்பேக்குக்கு வேண்டியது கையா, கண்ணா?

நேரா விஷயத்துக்கே வந்துடறேன். அமெரிக்கன் ஃபுட்பால்ல குவார்ட்டர்பேக்னு ஒருத்தர் இருக்காரே, அவருக்கு எது முக்கியம்? பந்தை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமா எறியறார்ங்கறதா? இல்ல, யாருக்கு எறியணும்னு எவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்து, எவ்வளவு குறி தப்பாம எறியறார்ங்கறதா?

என் கட்சி ரெண்டாவது. கை பலம்ங்கறது சேமிப்புக் கணக்குல மினிமம் பேலன்ஸ் மாதிரி. (இப்ப பல வங்கிகள்ல அதையும் எடுத்துட்டாங்க, அது வேற கதை.) அது இல்லைன்னா அபராதம் கட்டணும், சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு மேல எவ்வளவு கிடக்குங்கறதை வெச்சு ஒரு ஆளை எடை போடறது தப்பு. அந்தத் தப்பைக் கோடிக்கணக்குல டாலர் கொட்டற அமெரிக்க அணிகளே திரும்பத் திரும்பச் செய்யறாங்க.

ஒரு வங்கி அதிகாரிக்கு இதெல்லாம் எதுக்குன்னு நீங்க கேட்கறது காதுல விழுது. தங்கமணியும் அதையேதான் கேட்கறாங்க. என்னை மாதிரி ஊரை விட்டு வந்து எங்கெங்கேயோ குடியிருக்கறவங்க வீடுகள்ல, சொந்தத்துல யாராவது ஒருத்தர் அமெரிக்காவுலயும் இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆசையா போன் போட்டா, அங்கே மத்தியானம், மேட்ச் ஆரம்பிக்கற நேரம். "அப்புறம் பேசறேன்"னு வெச்சுடுவாங்க. சரி, அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க ஆரம்பிச்சு, இப்ப வருஷா வருஷம் சூப்பர் பவுல் அன்னிக்கு நாக்பூர்ல திங்கட்கிழமை விடிகாலை 5 மணிக்கு டிவி முன்னாடி உட்கார்ந்துட்டு, அப்படியே குளிச்சுட்டு பிராஞ்சுக்கு ஓடற ஆள் ஆயிட்டேன்.

ஆட்டம் தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: மைதானம் 100 கஜ நீளம் (நம்ம பழைய கஜம்தான், 3 அடி). ஒரு பக்கத்துக்கு 11 பேர். 10 கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புலயும் பந்து முதல்ல குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அவர் அதை ஓடற ஆள்கிட்ட கொடுக்கலாம், தானே ஓடலாம், இல்ல முன்னாடி ஓடிட்டிருக்கற தன் ஆள் ஒருத்தருக்கு எறியலாம். தன் ஆள் பிடிச்சா லாபம். கீழே விழுந்தா ஒரு வாய்ப்பு வீண். எதிரணி பிடிச்சா இன்டர்செப்ஷன், பந்தே அவங்களுக்குப் போயிடும். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பிடிச்சா டச் டவுன்.

இதுல எறியறதுக்குக் கிடைக்கற நேரம் கிட்டத்தட்ட ரெண்டரையிலிருந்து மூணு விநாடி. அதுக்குள்ள நூத்தி இருபது, நூத்தி முப்பது கிலோ ஆளுங்க நாலு பேர், சில சமயம் அஞ்சாறு பேர், அவரைக் கீழே சாய்க்கறதுக்காகவே வந்துட்டிருப்பாங்க.

அந்த மூணு விநாடியில என்ன நடக்குதுன்னு பாருங்க. பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எதிரணியின் கடைசித் தடுப்புல ஒருத்தர் நிக்கறாரா, ரெண்டு பேரான்னு பார்த்துக்கணும். பந்து வந்ததும் அதுல ஒருத்தர் சடார்னு இடம் மாறுவார். அதாவது இதுவரைக்கும் காட்டினது வேஷம். போட்டு வெச்ச திட்டம் காலி. முதல் ஆளை மூடிட்டாங்களா, ரெண்டாவது ஆளைப் பாரு. அவரும் இல்லையா, மூணாவது. யாரும் இல்லைன்னா வெளியே எறிஞ்சுட்டு அடுத்த வாய்ப்புக்குப் போ. பந்தை வாங்கப் போறவர் இன்னும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார், அதுக்குள்ள பந்து கையை விட்டுப் போயிருக்கணும். ஆள் நிக்கற இடத்துக்கு எறிஞ்சா லேட். ஆள் வரப்போற இடத்துக்கு எறியணும். அதுவும் அவரோட எந்தத் தோள் பக்கம்ங்கறது வரைக்கும் கணக்கு.

இங்கே ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன் (பி.காம். புத்தி போகாது!). ஒருத்தர் மணிக்கு 80 கி.மீ. வேகத்துல எறியறார், இன்னொருத்தர் 96 கி.மீ. 20 கஜம், அதாவது சுமார் 18 மீட்டர் தூரம். காத்துத் தடையை விட்டுட்டா முதல் ஆளோட பந்து போய்ச் சேர 0.82 விநாடி, ரெண்டாவது ஆளுக்கு 0.69. வித்தியாசம் ஒரு விநாடியில ஏழுல ஒரு பங்குகூட வரல. கண் சிமிட்டற நேரம். ஆனா யாருக்கு எறியறதுன்னு அரை விநாடி முன்னாடி முடிவெடுக்கறவருக்கு, அந்த வேகக்காரருக்குக் கிடைக்கறதை விட மூணு மடங்குக்கு மேல நேரம் மிச்சம். அந்த அரை விநாடியை எந்தத் தோளும் சம்பாதிச்சுக் கொடுக்காது.

இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. பில் வால்ஷ்னு ஒரு பயிற்சியாளர். 1969ல சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில உதவிப் பயிற்சியாளரா இருந்தார். அந்த வருஷம் அவங்களுக்கு கிரெக் குக்னு ஒரு புதுப் பையன் கிடைச்சான். பிரமாதமான கை. ஆனா தோள்ல காயம், அத்தோட ஆட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சே போச்சு. பதிலுக்கு வந்தவர் விர்ஜில் கார்ட்டர். தூரமா எறிய வராது. ஆனா குறி சுத்தம், புத்திசாலி. வால்ஷ் என்ன பண்ணார்? கார்ட்டரை மாத்தப் பார்க்கல, ஆட்டத்தை மாத்தினார். நீளவாக்குல தூக்கி எறியறதை விட்டுட்டு, அகலவாக்குல ஆட்களைப் பரப்பி, சின்னச் சின்ன தூரத்துக்குச் சட்டுச் சட்டுனு எறியற முறை. 1971ல எறிஞ்சதுல எத்தனை சதவீதம் தன் ஆள் கைக்குப் போச்சுங்கற கணக்குல அந்தக் கார்ட்டர்தான் லீக்ல முதல் இடம். பின்னாடி 'வெஸ்ட் கோஸ்ட்' முறைன்னு பேர் வாங்கி எல்லாரும் காப்பி அடிச்சது இதைத்தான்.

அதே வால்ஷ் 1979ல சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும், அந்த வருஷ டிராஃப்ட்ல (அணிகள் வரிசையா புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கற முறை) 82ஆவது ஆளா எடுத்தது ஜோ மொன்டானாவை. 81 பேர் போனப்புறம்! கை சுமார்ங்கறதுதான் அவர் மேல இருந்த குறை. அந்த மொன்டானா ஆடின நாலு சூப்பர் பவுலையும் ஜெயிச்சார். அந்த நாலு ஆட்டத்துலயும் சேர்த்து 122 தடவை எறிஞ்சார், 11 டச் டவுன், இன்டர்செப்ஷன் ஒண்ணுகூடக் கிடையாது. 1989 ஜனவரியில அதே சின்சினாட்டிக்கு எதிரா 13-16னு பின்தங்கி, மூணு நிமிஷம் சொச்சம் மிச்சம் இருக்க, 92 கஜம் போகணும். ஒரே அடியா தூக்கி எறியல. கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திட்டுப் போய், 34 விநாடி இருக்கறப்ப ஜான் டெய்லருக்கு 10 கஜப் பாஸ். 20-16.

சரி, எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருவோம். அந்தக் கட்சித் தலைவர் என் தங்கச்சி பையன். 13 வயசு. ரோச்செஸ்டர்ல இருக்கான், பஃபலோ பில்ஸ் அணிக்கு உயிரை விடற பரம்பரையில சேர்ந்துட்டான். அவன் கேட்கற கேள்வி: "மாமா, அப்ப ஜோஷ் ஆலன்?"

நியாயமான கேள்வி. ஜோஷ் ஆலன் 2018ல ஏழாவது ஆளா பில்ஸுக்கு வந்தார். பீரங்கி மாதிரி கை. குறிதான் தப்பும்னு எல்லாரும் சொன்னாங்க. முதல் வருஷம் எறிஞ்சதுல 52.8 சதவீதம்தான் தன் ஆள் கைக்குப் போச்சு. 10 டச் டவுன், 12 இன்டர்செப்ஷன். அடுத்த வருஷம் 58.8 சதவீதம். 2020ல 69.2 சதவீதம், 37 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன். 2024 சீசனுக்கு லீக்கோட எம்.வி.பி., அதாவது ஆகச்சிறந்த ஆட்டக்காரர் விருது. பையன் சொல்றது என்னன்னா, கை பலம் பிறவியில வரணும், குறியையும் முடிவெடுக்கறதையும் பின்னாடி கத்துக்கலாம். அதனால கையைப் பார்த்து எடுத்ததுதான் சரி.

நான் அவனுக்குச் சொன்ன பதில் இது. காலேஜ்ல பொருளாதாரம் படிச்சவங்களுக்கு 'மற்றவை மாறாதிருக்க'ங்கற வாசகம் ஞாபகம் இருக்கும். ஒண்ணோட விளைவு என்னன்னு தெரியணும்னா, மத்ததை அசைக்காம அதை மட்டும் மாத்திப் பார்க்கணும். ஜோஷ் ஆலனோட கை 2018லயும் அதே கைதான், 2020லயும் அதே கைதான். அந்தக் கையை வெச்சுட்டு 2018ல அவர் தடுமாறின ஆள். மாறினது என்ன? எறியற முறையைத் திருத்திக்கிட்டார், எதிரணியைப் படிக்கக் கத்துக்கிட்டார். 2020ல ஸ்டெஃபான் டிக்ஸ்னு பந்து பிடிக்கறதுல கெட்டிக்காரர் ஒருத்தரும் வந்து சேர்ந்தார், அதையும் கணக்குல சேர்த்துக்கணும். ஆனா எப்படிப் பார்த்தாலும், அந்த ரெண்டு வருஷத்துல மாறாம இருந்த ஒரே விஷயம் கை பலம். அப்ப முன்னேற்றத்துக்குக் கை எப்படிக் காரணமாகும்?

இதையே தலைகீழாவும் பார்க்கலாம். கை குறைஞ்சு, தலை அப்படியே இருந்தா என்ன ஆகும்? அதுக்கு பேட்டன் மேனிங். கழுத்துல அறுவை சிகிச்சைகள், 2011 சீசன் முழுக்க ஆடல. நரம்பு பாதிச்சதால எறியற கையில பலம் போச்சு. இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் அணி 2012ல அவரை விடுவிச்சது. டென்வர் பிராங்கோஸ் எடுத்துக்கிட்டாங்க. அவர் எறியற பந்து காத்துல தள்ளாடிட்டுப் போறதை டிவியில பார்த்தாலே தெரியும். அந்தக் கையோட 2013ல அவர் போட்டது 55 டச் டவுன், 5,477 கஜம். அதுவரைக்கும் ஒரு சீசன்ல யாரும் தொடாத எண்ணிக்கை ரெண்டுமே. நல்ல கை இருந்த காலத்துல அவரே தொடாத எண்ணிக்கை. எதிரணி என்ன பண்ணப் போகுதுன்னு பந்து வர்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டு, கையைக் காலை ஆட்டி எல்லாரையும் இடம் மாத்தி நிறுத்துவார் பாருங்க, அங்கேயே பாதி ஆட்டம் முடிஞ்சுடும்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2015ல அவரோட கை இன்னும் இறங்கிடுச்சு. 9 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன். நடுவுல வெளியே உட்கார வெச்சாங்க. 2016 பிப்ரவரியில அந்த அணி சூப்பர் பவுல் ஜெயிச்சப்ப அவர்தான் ஆடினார், ஆனா ஜெயிக்க வெச்சது பெரும்பாலும் தடுப்பு வரிசை. தலை அதே தலைதான். மினிமம் பேலன்ஸுக்குக் கீழே போயாச்சு, அவ்வளவுதான். அதனாலதான் கை வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லல.

கை பலத்துக்கு இன்னொரு நியாயமும் இருக்கு. தூரமா எறிவார்ங்கற பயம் இருந்தா, எதிரணி ஆளுங்க பின்னாடி தள்ளி நிப்பாங்க, முன்னாடி இடம் திறக்கும். பஃபலோ டிசம்பர் காத்துல பந்து போய்ச் சேரவும் கை வேணும். பாட்ரிக் மஹோம்ஸ் மாதிரி ரெண்டும் இருக்கறவர் கிடைச்சா கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம். என் கேள்வி ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்ங்கற இடத்துல என்ன பண்றதுங்கறது.

அந்த இடத்துல அணிகள் எதைத் தேர்ந்தெடுக்கறாங்க? 2007 டிராஃப்ட்ல ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி முதல் ஆளா எடுத்தது ஜமார்கஸ் ரஸ்ஸலை. ஆறரை அடி உயரம். முட்டி போட்டுட்டே 60 கஜம் எறிவார்னு பேச்சு. 6 வருஷ ஒப்பந்தம், 3 கோடி டாலருக்கு மேல உத்தரவாதத் தொகை. மூணு சீசன்ல 18 டச் டவுன், 23 இன்டர்செப்ஷன். 2010 மே மாசம் அனுப்பி வெச்சுட்டாங்க. 1998லயும் இதே கதை. பேட்டன் மேனிங்கா, ரயன் லீஃபான்னு பெரிய விவாதம். கை லீஃபுக்குத்தான் பலம்னு சொன்னவங்க நிறைய. ரெண்டாவது ஆளா சான் டியேகோ சார்ஜர்ஸுக்குப் போன லீஃப், ஆடி முடிச்சப்ப 14 டச் டவுன், 36 இன்டர்செப்ஷன்.

இந்தப் பக்கம் டாம் பிரேடி, 2000 டிராஃப்ட்ல 199ஆவது ஆள். ஏழு சூப்பர் பவுல். பிராக் பர்டி, 2022ல 262ஆவது ஆள், அந்த வருஷத்துக் கடைசி ஆளே அவர்தான். அடுத்த சீசன்லயே அணியை சூப்பர் பவுலுக்குக் கூட்டிட்டுப் போனார் (கூடுதல் நேரத்துல தோத்தாங்க). கடைசியா எடுத்த எல்லாரும் பிரேடி ஆயிடல, அதுவும் தெரியும். பெயர் தெரியாமலே காணாமப் போனவங்கதான் அதிகம். ஆனா மேலே இருக்கற விலைக்கும் உள்ளே இருக்கற சரக்குக்கும் இவ்வளவு தூரம் ஏன்?

இதுக்கு என் தொழில்ல ஒரு பதில் இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல கடன் ஃபைல்களைப் பார்த்துட்டிருக்கேன். ரெண்டு வகை விண்ணப்பம் வரும். ஒண்ணுல செக்யூரிட்டி பிரமாதமா இருக்கும், மெயின் ரோட்டுல இடம், பெரிய கட்டடம். ஆனா வியாபாரத்துல பணம் சுத்தறது மந்தம். இன்னொண்ணுல காட்டறதுக்குப் பெரிசா சொத்து இருக்காது, ஆனா வரவு செலவு நாள் தவறாது. அனுபவப்பட்ட எந்த மேனேஜரைக் கேட்டாலும் கடனைத் திருப்பிக் கட்டறது வியாபாரம், கட்டடம் இல்லன்னு சொல்வார். இருந்தாலும் முதல் ஃபைல்தான் சீக்கிரம் மேலே நகரும். ஏன்னா கட்டடத்தை அளக்கலாம், மதிப்பீட்டாளர் சர்டிஃபிகேட் கொடுப்பார். நாளைக்கு வாராக்கடன் ஆனாலும் "இவ்வளவு செக்யூரிட்டி இருந்ததே சார்"னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஒழுங்கை நம்பிக் கொடுத்துட்டு அது கெட்டுப்போனா, கையெழுத்துப் போட்டவன் கதி அதோகதி.

குவார்ட்டர்பேக் கையும் அப்படித்தான். வருஷா வருஷம் புது ஆட்களுக்கு நடக்கற சோதனையில உயரம், எடை, உள்ளங்கை அளவு, ஓட்டம், எறியற வேகம்னு எல்லாத்தையும் அளக்கறாங்க. எண்ணா வர்றதுக்குத்தான் மதிப்பு. மூணு விநாடியில முடிவெடுக்கற திறமையை எப்படி அளக்கறது? 12 நிமிஷத்துல 50 கேள்வின்னு ஒரு பரீட்சை பல வருஷம் வெச்சிருந்தாங்க (நம்ம பேங்க் பரீட்சை மாதிரியே!), 2022ல விட்டுட்டாங்க. 2023ல சி.ஜே. ஸ்ட்ரவுட் வேற ஒரு மூளைத்திறன் சோதனையில ரொம்பக் குறைவா வாங்கினதா செய்தி கசிஞ்சது. அந்த ஸ்ட்ரவுட் ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்கு ஆடி முதல் வருஷமே 23 டச் டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன். உட்கார்ந்து எழுதற பரீட்சையில பிடிபடற விஷயம் இல்ல அது. ஆள் ஆடறப்ப பக்கத்துல இருந்து பொறுமையா பார்க்கணும். வால்ஷ் மாதிரி பார்க்கத் தெரிஞ்ச கண் வேணும். அது இல்லாத அணி, அளக்க முடிஞ்சதை வாங்கிட்டுத் திருப்தி ஆயிடுது. தோத்துப்போனாலும் "இப்படிப்பட்ட கையை யார்தான் விடுவாங்க"ன்னு சொல்லிக்கலாமே.

பிரேடி என் வயசுக்காரர், ஓரிரு வருஷம் மூத்தவர். 2021 பிப்ரவரியில ஏழாவது சூப்பர் பவுல் ஜெயிச்சப்ப அவருக்கு 43. அந்த வயசுல யாருக்கும் தோள் வளராது. அவரைக் காப்பாத்தினது சீக்கிரம் முடிவெடுத்து பந்தைக் கைவிட்டது. பந்து போயிட்டா அடிக்க வர்றவனுக்கு வேலை இல்ல, உடம்பும் தப்பிக்குது. கை தேயறப்ப படிக்கற திறமை கூடிட்டே போகுது. நாற்பதைத் தாண்டின நமக்கு இதுல ஒரு சின்ன ஆறுதலும் இருக்கு, மறைக்க மாட்டேன் :-)

இப்ப தங்கச்சி பையன் விஷயம். அவன் சின்னப் பசங்க ஃபிளாக் ஃபுட்பால் ஆடறான். ஆளைக் கீழே தள்ளாம, இடுப்புல தொங்கற துணியைப் பிடுங்கினா ஆட்டம் நிக்கற வகை. அங்கே யார் அதிக தூரம் எறியறானோ அவனை குவார்ட்டர்பேக் ஆக்கிட்டாங்க. ஒல்லியான நம்ம பையன் ஓரத்துல நிக்கறான். யார் எங்கே ஓடப்போறாங்கன்னு முன்கூட்டியே சொல்றவன் அவன்தான்னு கூட ஆடற பசங்களே சொல்றாங்களாம். அவன் இப்ப அப்பாவைக் கேட்டிருக்கறது ஒரு ஜோடி டம்பெல்ஸ்.

அமெரிக்காவுல பிள்ளைகள் இருக்கற வீடுகள்ல இது புதுசு இல்ல. நம்ம பசங்க பலருக்கு உடம்புவாகு அந்த ஊர் அளவுக்கு இருக்காது. முதல் நாள்லயே அளவு நாடாவைப் பார்த்து ஓரம் கட்டிடுவாங்க. பையனும் தன்கிட்ட குறைச்சலா இருக்கறதையே துரத்திட்டு ஓடுவான், நிறைய இருக்கறதை யாரும் வளர்க்கச் சொல்ல மாட்டாங்க. ஃபிளாக் ஃபுட்பால் சர்வதேச முறையில 5 பேர், 50 கஜ மைதானம். அங்கே பீரங்கிக் கைக்கு வேலை இன்னும் கம்மி, கண்ணுக்கு வேலை அதிகம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்லயே அந்த ஆட்டம் இருக்கு. அதனால மாப்பிள்ளைகிட்ட நான் சொன்னது: டம்பெல்ஸ் வாங்கிக் கொடுங்க, தப்பில்ல, மினிமம் பேலன்ஸ் வேணும். ஆனா வாரத்துல ரெண்டு நாள் அவன்கூட உட்கார்ந்து ஒரு பழைய மேட்ச் பாருங்க. பந்து கிளம்பறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, "இப்ப யாருக்கு எறியணும், ஏன்?"னு கேளுங்க. அப்புறம் கொல்லைப்புறத்துல 10 கஜத்துல ஒரு டயரைத் தொங்கவிட்டு, ஓடிட்டே அதுக்குள்ள எறியச் சொல்லுங்க.

கை பலம் முதல் பத்து நிமிஷத்துலயே கண்ணுக்குத் தெரிஞ்சுடும். முடிவெடுக்கற திறமை தெரிய ஒரு சீசன் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். அந்தக் காலம் வரைக்கும் ஒருத்தனுக்கு இடம் கொடுத்துப் பார்க்கற பொறுமை யாருக்கு இருக்கோ, அவங்களுக்குத்தான் 199ஆவது ஆள் கிடைப்பான்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "மாமாவே சொல்லிட்டார்"னு உடற்பயிற்சியை நிறுத்தற பசங்களுக்கு நான் பொறுப்பில்ல. மேனிங்கோட 2015 கணக்கை இன்னொரு தடவை படிக்கவும்.